ஆங்கிலப் பேச்சும் நம் பள்ளிகளின் அளவுகோலும்

சென்ற திங்கள் நம் சங்கத்தின் கல்விநிதிக் குழு கூடியபொழுது ஒரு தீர்மானம் முன்மொழியப்பட்டது. உதவித்தொகை பெற விழையும் பத்தாம் வகுப்பு மாணவர் ஒவ்வொருவரும் குழுவினர் முன்னிலையில் ஐந்து நிமிடம் ஆங்கிலத்திற் பேசிக் காட்டல் வேண்டும் என்பதும், அங்ஙனம் பேசமாட்டாதார்க்குத் தொகை பாதியாகக் குறைக்கப்படும் என்பதும் அதன் சாரம். முன்மொழிந்த பெரியவர் நம் பிள்ளைகள்பால் மிக்க அன்புடையார். தம் கைப்பொருளையும் இந்நிதிக்கு வழங்கியவர். அவர் கூறிய காரணமும் தள்ளத்தக்கதன்று. 2024-ஆம் ஆண்டில் நமக்கு அடுத்துள்ள பட்டாபிராமில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. நெமிலிச்சேரியில் மின்சார வண்டி ஏறுவார் அவ்வுயர்ந்த மாடங்களை நாடோறும் காண்கின்றனர். ஆயினும் நேர்முகத் தேர்வில் வாய்திறக்க மாட்டாமையால் நம் பட்டதாரிகள் வாயிற்படியோடு திரும்புகின்றனர் என்பது அவர் வருத்தம்.

பலரும் ஆம் என்றனர். தலைவர் என்னை நோக்கி, “பண்டிதர் ஐயா, தாங்கள் என்ன சொல்லுகிறீர்கள்?” என்றார். ஆங்கிலத்தைப் பற்றித் தமிழாசிரியனைக் கேட்பது கொல்லனிடம் பொன்னின் மாற்றைக் கேட்பது போலும் என்று நகைத்தேன். பின்னர், “ஐயா, பேசினான் என்றும் பேசவில்லை என்றும் எந்த அளவுகோல் கொண்டு சொல்வது?” என்று மட்டும் வினவினேன். எவரும் விடையிறுத்திலர். ஒரு திங்கள் தவணை தரப்பட்டது. அத்தவணையில் இப்பொருள் பற்றிய வரலாற்றைத் தேடிப் படித்துக் கண்டவற்றைச் சங்கத்தார்க்கும் அவர்தம் இல்லத்தார்க்கும் ஈண்டு எழுதுகின்றேன்.

முதற்கண் நாம் மறந்த செய்தி ஒன்றுண்டு. சென்னபட்டணத்தில் ஆங்கிலம் பள்ளிக்கூடத்தால் வந்ததன்று; வாயால் வந்தது. கும்பினியார் கோட்டை கட்டி வாணிகம் செய்த நாளில், அவர்க்கும் நம்மவர்க்கும் இடைநின்று பேசியோர் துபாஷிகள். இருமொழி வல்லார் என்பதே அச்சொல்லின் பொருள். நம் திருவள்ளூர் மாவட்டத்துப் பெரியபாளையத்தில் 1754-இல் பிறந்த பச்சையப்ப முதலியார் அத்தொழிலாற் பெரும்பொருள் ஈட்டி 1794-இல் மறைந்தார். அந்நாளிற் சர்வகலாசாலையும் இல்லை, சான்றிதழும் இல்லை. வணிகன் சொன்னதை நெசவாளிக்கும், நெசவாளி சொன்னதை வணிகனுக்கும் பிழையின்றி உணர்த்தினானா என்பது ஒன்றே துபாஷிக்கு வைக்கப்பட்ட அளவை. உணர்த்தாவிடின் சரக்கு வாராது. சரக்கு வாராவிடின் துபாஷிக்கு வாழ்வில்லை.

துரைமார் வீட்டுச் சமையற்காரரும் பணியாளரும் பேசியது வேறொரு வகை. ‘பட்லர் இங்கிலீஷ்’ என்று அதனை இன்றும் எள்ளுகின்றோம். ஆயினும் ஹ்யூகோ சூஹார்ட் என்னும் மொழிநூற் புலவர் அதனை ஆராய்ச்சிக்குரிய பொருளாக மதித்து 1891-இல் எழுதினார். விகுதியும் காலமும் சிதைந்த அப்பேச்சினால் அடுப்பு எரிந்தது, விருந்து நடந்தது. அதனை நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டும் என்பது என் கருத்தன்று. இலக்கணம் அறியாதாரும் அஞ்சாது பேசிய காலம் ஒன்று இருந்தது என்பதை நினைவூட்டுகின்றேன், அவ்வளவே.

இனி, நம்மை ஆண்டோர் நம் மொழியை எவ்வாறு கற்றனர் என்பதையும் காண்டல் வேண்டும். வீரமாமுனிவர் என்று நாம் போற்றும் பெஸ்கி பாதிரியார் செந்தமிழுக்கு ஓரிலக்கணமும், மக்கள் பேசும் கொடுந்தமிழுக்கு வேறோர் இலக்கணமும் இலத்தீனில் இயற்றினார். பின்னது 1728-இல் எழுதப்பட்டது. நூல்வழக்கும் பேச்சுவழக்கும் வெவ்வேறு அளவையால் அளக்கத்தக்கன என்பதை அந்நிய நாட்டார் ஒருவர் அன்றே உணர்ந்திருந்தார். 1812-இல் எல்லிஸ் துரையின் முயற்சியாற் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி நிறுவப்பட்டது. கும்பினி உத்தியோகத்திற்கு வரும் இளைஞர் தமிழும் தெலுங்கும் பிறவும் கற்று, குடிகள் சொல்வதைத் தாமே கேட்டுணர்ந்து வழக்குத் தீர்க்கவல்லராதல் வேண்டும் என்பது அதன் நோக்கம். தாண்டவராய முதலியார் போன்ற தமிழ்ப்புலவர் அங்கே ஆசிரியராக அமர்ந்தனர். தேர்ச்சி காட்டிய இளைஞர்க்குச் சம்பளத்தின்மேற் படியும் வெகுமதியும் வழங்கப்பட்டன.

இதனை நம் குழுவினர் ஊன்றி நோக்க வேண்டுகின்றேன். அக்கல்லூரியில் ஆசிரியர் முன்னே அமர்த்தப்பட்டனர். பயிலக் காலமும் பொருளும் தரப்பட்டன. அதன் பின்னரே பரீட்சையும் வெகுமதியும் வந்தன.

நம்மவர்க்கு வந்த கல்வி இம்முறையில் வந்திலது. 1835-இல் மெக்காலே பிரபுவின் குறிப்பும் பெண்டிங்கு பிரபுவின் ஆணையும் ஆங்கிலக் கல்விக்கு வழி திறந்தன. 1839-இல் சென்னைவாசிகள் ஏறத்தாழ 70,000 பேர் கையொப்பமிட்ட விண்ணப்பம், ஜார்ஜ் நார்ட்டன் துரை வாயிலாகக் கவர்னர் எல்பின்ஸ்டன் பிரபுவிடம் அளிக்கப்பட்டது. உயர்கல்வி வேண்டும் என்று நம்மவரே கேட்டனர் என்பது குறிக்கத்தக்கது. 1841-இல் உயர்தரப் பள்ளி திறக்கப்பட்டது. பவல் துரை அதற்குத் தலைமை பூண்டார். அதுவே பின்னர் மாநிலக் கல்லூரியாயிற்று. 1842-இல் பச்சையப்பர் அறப்பொருளாற் பள்ளி தோன்றியது. 1844-இல் ஹார்டிஞ்சு பிரபு ஆங்கிலம் கற்றார்க்கு அரசாங்க உத்தியோகத்தில் முதலிடம் என்று ஆணையிட்டார். 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை நம் ஊர்ப்பக்கமாக இருப்புப்பாதை ஓடியது. அடுத்த ஆண்டே சென்னைச் சர்வகலாசாலையும் பிறந்தது.

அச்சர்வகலாசாலை எத்தகையது? இலண்டன் சர்வகலாசாலையை மாதிரியாகக் கொண்டது. தான் கற்பியாது, பிறர் கற்பித்தாரைப் பரீட்சிக்கும். வடக்கே கஞ்சம் முதல் தெற்கே திருநெல்வேலி வரை பரந்த இராஜதானியில், எல்லா மாணவரையும் எதிரே நிறுத்தி அவர் பேச்சைக் கேட்பார் யார்? விடைத்தாளைக் கட்டித் தபாலில் அனுப்பலாம். வாய்ச்சொல்லை அனுப்பல் இயலாது. ஆகவே மெட்ரிகுலேஷன் பரீட்சை காகிதத்தின்மேல் நின்றது. ஆங்கிலேயர் வஞ்சனையால் நம் நாவைக் கட்டினர் என்று சிலர் பேசுவர். யான் அங்ஙனம் கருதவில்லை. பரீட்சை நடத்துதற்கு எளிதாயது எதுவோ அதுவே கல்வியாயிற்று. பரீட்சையில் இல்லாததை உபாத்தியாயர் கற்பித்திலர். கற்பியாததை மாணவர் கற்றிலர். துபாஷி காலத்தில் நாவில் இருந்த மொழி ஒரு தலைமுறையிற் பேனாவுக்கு இறங்கிற்று.

நமக்கு மேற்கே அடுத்த ஊர் திருநின்றவூர். பூசலார் நாயனார் மனத்துள்ளே கோயில் எடுத்த தலம். நம் பள்ளிப் பிள்ளைகளும் அவ்வாறே மனத்துள்ளே ஆங்கில வாக்கியத்தை எழுப்புகின்றனர். எழுவாய் வைத்து, பயனிலை வைத்து, காலம் திருத்தி, ஒருமை பன்மை நோக்கிக் கட்டி முடிக்கின்றனர். அதற்குள் எதிரே நின்றவர் போய்விடுகின்றார்.

இடையிலே பேச்சு வன்மைக்கு ஒருவர் விளங்கினார். வலங்கைமானில் எளிய அந்தணர் குடும்பத்தில் 1869-இற் பிறந்த ஸ்ரீநிவாச சாஸ்திரியார், பள்ளி உபாத்தியாயராகத் தொடங்கித் திருவல்லிக்கேணி இந்து உயர்தரப் பள்ளித் தலைமையாசிரியராயிருந்தவர். 1922-இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா முதலிய நாடுகளிற் சென்று சொற்பொழிவாற்றினார். வெள்ளி நா வாய்ந்தவர் என்று வெள்ளையரே புகழ்ந்தனர். அதன் பயனாக நம் நாட்டில், ஆங்கிலம் பேசுவதாயின் சாஸ்திரியாரைப் போலப் பேசுக, அன்றேல் வாய் மூடியிருக்க என்னும் மனப்பான்மை வேரூன்றிற்று. அவரோ தம் வாழ்நாளெல்லாம் சொற்களின் ஒலிப்பையும் பொருளையும் ஆராய்வதிற் கழித்தவர். அத்தகையாரைச் சராசரி மாணவனுக்கு அளவுகோலாக வைத்தல், தஞ்சைப் பெரியகோயிலைக் காட்டிக் கொத்தனை வீடு கட்டச் சொல்லுதல் போலும்.

1911-ஆம் ஆண்டளவில் மெட்ரிகுலேஷனுக்குப் பதிலாக எஸ்.எஸ்.எல்.சி. வந்தது. 1930-களின் இறுதியில் உயர்தரப் பள்ளிகளில் தாய்மொழியே பயிற்சிமொழியாக வேரூன்றத் தொடங்கிற்று. தமிழ்ப் பண்டிதன் என்னும் முறையில் அதனை யான் மனமார வாழ்த்துகின்றேன். ஆயினும் அதனால் விளைந்த ஒன்றை மறைத்தலாகாது. முன்பு சரித்திரமும் கணக்கும் ஆங்கிலத்திற் கேட்ட காதுகள், இப்போது நாளுக்கு ஒரு பாடவேளை மட்டுமே அம்மொழியைக் கேட்டன. அவ்வொரு வேளையிலேனும் பேச்சுக்கு இடம் வேண்டும் என்று எவரும் வரையறுத்திலர்.

அங்ஙனம் வரையறுக்க நம் மாநிலத்தில் நடந்த பெருமுயற்சி ஒன்றே ஒன்று. அதனை இன்று நினைப்பார் அரியர். 1958-இல் ஐதராபாத்தில் மத்திய ஆங்கில நிறுவனம் தோன்றிற்று. 1959-இல் சென்னை அரசாங்கமும் பிரிட்டிஷ் கௌன்சிலும் கூடி, ஆங்கிலம் தொடங்கிக் கற்பிக்கும் ஆசிரியரெல்லாரையும் மறுபடி பயிற்றத் துணிந்தன. ஆசிரியர் தொகை 27,000. இத்துணைப் பேரையும் நிபுணர் சிலர் நேரே பயிற்றுதல் இயலாது. ஆகவே சிலரைப் பயிற்றி, அவரைக் கொண்டு பலரைப் பயிற்றி, அப்பலரைக் கொண்டு ஏனையோரைப் பயிற்றினர். பனிமேல் உருட்டிய உருண்டை உருளுந்தோறும் பருத்தல்போல் இது பெருகும் என்று ‘சென்னைப் பனிப்பந்து’ எனப் பெயரிட்டனர். பனிக்கட்டி விழாத நம் நாட்டிற்கு இப்பெயர் வாய்த்தது வேடிக்கையே.

அம்முறையின் உயிர் வாய்மொழிப் பயிற்சி. வாக்கிய அமைப்புகளை எளிமை நோக்கி வரிசைப்படுத்தி, ஆசிரியர் முதலிற் பொருளைக் கையிற் காட்டிச் சொல்ல, வகுப்பு கேட்டுச் சொல்லி, பின்னர் ஒவ்வொருவரும் சொல்லி, அதன் பின்னரே புத்தகம் திறத்தல். “திஸ் இஸ் எ புக்” என்று நம் மூத்தோர் ஒருமித்துக் கூவிய குரல் அக்காலத்தது. இலக்கண விதியை உருப்போட்டுப் பின் எழுதும் பழைய முறை இதனால் தலைகீழாயிற்று. இன்ன ஆண்டில் இன்ன அமைப்பை மாணவன் வாயாற் சொல்லல் வேண்டும் என்று பள்ளிப் பாடத்தில் ஒரு வரையறை தோன்றியது இங்கேதான்.

அது ஏன் நிலைக்கவில்லை? ஒரு விளக்கிலிருந்து மற்றொரு விளக்கை ஏற்றினால் ஒளி குறையாது. ஆனால் இங்கே நடந்தது மோரில் நீர் வார்த்தது போன்றது. முதற் கலத்தில் தயிராயிருந்தது மூன்றாம் கலத்தில் வெண்ணிற நீராயிற்று. நிபுணரிடம் நேரே கேட்டவர் அமைப்பின் நோக்கத்தை உணர்ந்தனர். அவரிடம் கேட்டவர் முறையை மட்டும் கொண்டனர். அவரிடமும் கேட்டவர் அட்டவணையைக் கொண்டனர். மேலும், ஆண்டிறுதிப் பரீட்சை எழுத்துப் பரீட்சையாகவே நின்றது. வகுப்பு ஒன்றை வளர்க்கப் பரீட்சை வேறொன்றைக் கேட்டால், எது வெல்லும் என்பதை வகுப்பில் நிற்கும் எவரும் அறிவர். 1968 ஜனவரி 23-இல் நம் சட்டமன்றம் தமிழும் ஆங்கிலமும் என்னும் இருமொழிக் கொள்கையைத் தீர்மானித்தது. ஆங்கிலத்தின் இடம் உறுதியாயிற்று. ஆங்கிலப் பேச்சின் இடம் பழையபடியே இருந்தது. 2019-20 கல்வியாண்டிற் பத்தாம் வகுப்பின் இரு ஆங்கிலத் தாள்கள் ஒரே தாளாகச் சுருக்கப்பட்டபொழுதும், அதன் 100 மதிப்பெண்ணும் எழுத்துக்கே உரியவாயின.

நிற்க. அளவை என்று சொல்லும்போது ஒலிப்பைப் பற்றிய வழக்கு ஒன்று எழும். நம் குழுவிலும் எழுந்தது. ‘நன்றாகப் பேசுதல்’ என்றால் ஆங்கிலேயனைப் போல ஒலித்தலா? நெடுங்காலம் அவ்வாறே கொண்டிருந்தனர். ஐதராபாத்து நிறுவனத்தைச் சார்ந்த பன்சால் என்பார் இந்தியர் பேசும் ஆங்கிலம் பிறர்க்கு எத்துணை விளங்குகின்றது என்று ஆராய்ந்து 1969-இல் நூல் வெளியிட்டார். அயலார்க்கு விளங்காமைக்குப் பெருங்காரணங்களுள் ஒன்றாக அவர் கண்டது சொல்லில் எடுத்தோத வேண்டிய அசையை மாற்றி ஓதுதல். ஐரோப்பிய மன்றம் 2001-இல் மொழித்திறனை ஏ1 முதல் சி2 வரை ஆறு படியாக வகுத்தது. இன்று உலகெங்கும் மேற்கொள்ளப்படுவது அதுவே. ‘இன்னது செய்ய வல்லான்’ என்னும் வாய்பாட்டால் ஒவ்வொரு படியும் அதில் வரையறுக்கப்பட்டுள்ளது. 2020-இல் வெளிவந்த அதன் துணைநூல், அம்மொழியைத் தாய்மொழியாகவுடையானை ஒப்புநோக்கும் சொற்களை நீக்கிவிட்டு, கேட்பார்க்கு விளங்குதலையே ஒலிப்பின் அளவையாக வைத்தது. துபாஷிக்கு வைத்த அளவை இருநூறாண்டு சுற்றி மீண்டு வந்தது என்று சொல்லத் தோன்றுகின்றது.

இவ்விடத்துத் தமிழாசிரியனுக்கும் சிறிது சொல்ல உரிமையுண்டு. எழுத்துப் பிறக்கும் இடத்தையும் முயற்சியையும் தொல்காப்பியர் தனியியலில் வகுத்தார். குறிலும் நெடிலும் மாத்திரையால் வேறுபடுதல் நம் பிள்ளைகள் முதல் வகுப்பிலேயே அறிந்தது. ஆங்கிலத்தில் ‘ஷிப்’ கப்பல், ‘ஷீப்’ ஆடு. இவ்வேறுபாடு குறில் நெடில் பழகிய நாவுக்கு எளிது. ‘ஸ்கூல்’ என்பதற்கு முன்னே ‘இ’ சேர்த்து ‘இஸ்கூல்’ என்பதும் அறியாமையன்று. மொழிமுதலில் மெய்ம்மயக்கம் வாராத நம் மரபின் இயல்பு. காரணத்தைச் சொல்லித் திருத்தினால் இரண்டு நாளில் திருந்தும்; நகைத்தால் என்றும் திருந்தாது. அசையை எடுத்தோதுதலும் நமக்குப் புதிதன்று. எடுத்தல், படுத்தல், நலிதல் என்று நன்னூலார் கூறிய ஓசைகளுள் முதலாவதைப் போன்றதே. ‘போட்டோகிராப்’ என்பதில் முதலசையையும், ‘போட்டாக்ரபி’ என்பதில் இரண்டாமசையையும் எடுத்தோதுக என்றால் நம் பிள்ளைகள் உடனே பற்றிக்கொள்கின்றனர். இதனை என் வகுப்பிலேயே கண்டிருக்கின்றேன்.

இனிப் பேச்சுப் பரீட்சையைப் பற்றி. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2013-14-இல் கேட்டலையும் பேசுதலையும் அளக்கும் பரீட்சையை இலண்டன் டிரினிட்டி கல்லூரியின் துணையொடு தன் பள்ளிகளில் நடைமுறைக்குக் கொணர்ந்தது. உரையாடும் திறம், தடையின்மை, கருத்தின் தொடர்ச்சி, ஒலிப்பு, சொல்லும் இலக்கணமும் என்பன அதன் கூறுகள். தனியே பேசுதலோடு இருவர் கூடி ஒரு பொருளை ஆராய்ந்து முடிவு காண்டலும் அதில் உண்டு. பின்னர் அது பள்ளியின் உள்மதிப்பீட்டுக்குள் அடங்கியது. இப்பகுப்பு நல்ல பகுப்பே. ஆயினும் அது பெரும்பாலும் ஆங்கிலமே பயிற்சிமொழியாகவுள்ள பள்ளிகளில் நடந்தது என்பதை மறவற்க. நம் சங்கத்து உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பார் பெரும்பாலும் அரசினர் பள்ளியினர்.

ஈண்டு யான் ஒன்றை ஒப்புக்கொள்ளல் வேண்டும். சில ஆண்டுகட்கு முன் நம் பொங்கல் விழாவில் ஆங்கிலப் பேச்சுப் போட்டி நடந்தது. நடுவர் மூவருள் யானும் ஒருவன். ஒரு சிறுவன் அப்துல் கலாமைப் பற்றி நான்கு நிமிடம் மடைதிறந்தாற்போற் பேசினான். முடித்தபின் மற்றொரு நடுவர், இன்று எப்படி வந்தாய் என்று ஆங்கிலத்தில் வினவ, அவன் விழித்து நின்றான். அடுத்து வந்தவள் அரசினர் பள்ளி மாணவி. அவள் பேச்சு ஒரு நிமிடத்தில் நின்றுபோயிற்று. அதே வினாவை அவளிடமும் கேட்டனர். “பை டிரெயின், சார். மை ஃபாதர் கமிங் ஆஃப்டர் டியூட்டி. ஹி டெல், யூ கோ ஃபர்ஸ்ட்” என்றாள். அவையோர் நகைத்தனர். முதற்பரிசு சிறுவனுக்கே சென்றது, யானும் கையொப்பமிட்டேன். இருவருள் ஆங்கிலத்திற் பேசியது யார் என்று அன்று எண்ணினேனில்லை. அப்பெண் அடுத்த ஆண்டு போட்டிக்கு வந்திலள்.

முன்மொழியப்பட்ட தீர்மானம் நிறைவேறின், இது ஆண்டுதோறும் நடக்கும். பரிசுக்கன்று, பள்ளிச் சம்பளத்துக்கும் புத்தகத்துக்கும். வீட்டில் ஆங்கிலம் வழங்குவோரும் தனிப்பயிற்சிக்குப் பணம் உடையோரும் முழுத்தொகை பெறுவர். இல்லாதார் பாதி பெறுவர். பள்ளி கற்பியாத ஒன்றைப் பரீட்சித்தால் நாம் மாணவனைப் பரீட்சிக்கவில்லை. அவன் வீட்டைப் பரீட்சிக்கின்றோம்.

ஆகவே குழுவிற்கு யான் எழுதியனுப்பியது இது. உதவித்தொகையையும் ஆங்கிலப் பேச்சையும் பிணைத்தல் வேண்டா. சங்கக் கூடத்தில் ஞாயிறுதோறும் மாலையில் ஒன்றரை மணி நேரம் பேச்சுப் பயிற்சி நடத்துக. நம் உறுப்பினருள் ஆவடித் தொழிற்சாலையினும் அம்பத்தூர்க் கம்பெனிகளினும் ஆங்கிலத்தில் அலுவல் நடத்துவார் பலர் உளர். முறைவைத்து இருவர் வருக. உருப்போட்ட சொற்பொழிவு வேண்டா. 1979 முதல் 1984 வரை பிரபு என்னும் அறிஞர் தென்னாட்டுப் பள்ளிகள் சிலவற்றில் நடத்திய சோதனையில், இலக்கணப் பாடத்தை விடுத்து, ரயில் அட்டவணை போன்றவற்றைக் கொடுத்துக் கணக்குத் தீர்ப்பதுபோல் வினாவி விடைகாணச் செய்தார். நமக்கும் அது பொருந்தும். நெமிலிச்சேரியிலிருந்து காலை 9 மணிக்குள் சென்ட்ரல் சேர எந்த வண்டி ஏறவேண்டும் என்பதை ஒருவன் வினவ, மற்றவன் விடைகூறட்டும்.

ஓராண்டு இவ்வாறு நடந்தபின், விரும்புவார்க்குப் பரீட்சை வைக்கலாம். அளவை இவ்வளவே போதும்: முன்பின் அறியாத ஒருவர் வினவியதைக் கேட்டு விளங்கிக்கொள்ளல், விளங்காவிடின் வெட்கமின்றி ஆங்கிலத்திலேயே மீண்டும் கேட்டல், தான் அறிந்த ஒரு பொருளைத் தாளின்றி மூன்று நிமிடம் கேட்பார்க்கு விளங்கச் சொல்லல். பிழைக்கு மதிப்பெண் குறைத்தல் பொருள் மயங்கும் இடத்து மட்டும். ஆங்கிலேயனைப் போல ஒலிப்பதற்கு மதிப்பெண் இல்லை.

முன்மொழிந்த பெரியவர் இதனைப் படித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சிக்கு நாற்காலியும் கரும்பலகையும் தாமே வாங்கித் தருவதாகவும், தீர்மானத்தை மீட்டுக்கொள்வதைப் பற்றிப் பின்னர்ச் சொல்வதாகவும் எனக்கு எழுதியிருக்கின்றார். குழு அடுத்த திங்கள் மீண்டும் கூடும். பிள்ளைகளை அனுப்ப விரும்பும் பெற்றோர் பெயரையும் வகுப்பையும் செயலாளரிடம் அதற்குள் பதிவு செய்க. பெண் குழந்தைகள் மாலை வண்டியில் திரும்புதற்குத் துணையாக எவரேனும் இருவர் முன்வருதல் வேண்டும். அதுமட்டும் இன்னும் ஏற்பாடாகவில்லை.